சும்மா இருப்பதற்கான செலவு

எங்கள் ஊரில் நாற்பது வயதானால்
கடிதம் வரும்: வெறும் வயிற்றோடு வா.
ஹல்வார் போனார். ஒரு குப்பி ரத்தம்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
நர்ஸ் சொன்னாளாம், வெண்ணெயைக் குறையுங்கள்.
குறைத்தார்.
சொன்னதைச் செய்கிற மனிதர்.
தபால்காரர்.
மார்ச் வந்தால் சறுக்குக்கட்டை மாட்டி
தொண்ணூறு கிலோமீட்டர் போய்
முடிவுக்கோட்டில்
கொழுப்பெடுத்த தயிர் குடித்தவர்.

இப்போது அறுபத்தொன்று.
முதலில் சட்டைப் பொத்தான் மறுத்தது.
பிறகு வீட்டுச் சாவி.
பிறகு மனைவியின் பெயர், இங்கெயெர்ட்,
நடுவில் நாக்கு வழுக்குகிற பெயர்.
தோளில் தோலுக்கடியில் ஓயாத துடிப்பு,
பொங்குவதற்குச் சற்று முன்
பாலின் மேலாடை நடுங்குமே, அப்படி.

செவ்வாய்க்கிழமை அவரைப் படுக்கவைத்து
முகத்துக்கு மேல் கூண்டைக் கவிழ்த்தேன்.
முப்பது நிமிடம்.
பேசக்கூடாது. தூங்கக்கூடாது.
உள்ளே போகும் ஆக்சிஜன், வெளியே வரும் கரியமிலவாயு,
கழித்துப் பெருக்கி இயந்திரம் சொல்லும்
சும்மா இருக்க
இந்த உடம்புக்கு நாளொன்றுக்கு என்ன செலவென்று.
எடைக்கும் வயதுக்கும் ஆயிரத்து ஐந்நூறு கலோரி.
திரையில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.

அந்த முந்நூற்றுத் தொண்ணூறு எங்கே போகிறது?
மூன்று டாக்டர்களிடம் கேட்டேன்,
மூன்று பதில். நான்காவது டாக்டர்
ஜன்னல் வழியே பிர்ச் மரங்களைப் பார்த்தார்.
ஆளில்லாத வீட்டில் அடுப்பெரிகிறது
என்பது மட்டும் எல்லோருக்கும் சம்மதம்.

ஆகவே க்ரீம்.
கஞ்சியில், சூப்பில், காபியில்,
வெந்த உருளைக்கிழங்கின் மேல் தடிமனாக வெண்ணெய்.
உணவு ஆலோசகர் பட்டியலை நீட்டியபோது
இங்கெயெர்ட் சிரித்தாள்.
பிறகு நின்றது சிரிப்பு.
"இருபத்தொரு வருஷம் இவருக்கு
வெறும் ரொட்டி கொடுத்திருக்கிறேன்."
அறையில் நாங்கள் ஐந்து பேர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் தாளில் எண்கள்.
கிரியேட்டினின் இறங்குகிறது,
தசை தன் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறது.
நியூரோஃபிலமென்ட் ஏறுகிறது,
நரம்பு உடைந்த தூள் அது.
கொலஸ்ட்ரால், ஒரு காலத்தில் ஊரே துரத்திய திருடன்,
இன்று, இன்னும் கொஞ்சம் இரு
என்று கெஞ்சுகிறோம்.
காலையொன்று இரவொன்று மாத்திரை,
சில மாதம் வாங்கித்தரும்.
என்ன விலைக்கென்று ஈரலைக் கேட்க
மறுபடி ரத்தம்.

கீழ்த்தளத்தில் மைனஸ் எண்பது.
நோய் வருவதற்கு முன்பே எடுத்த ரத்தத்தில்
ஏதாவது எழுதியிருந்ததா என்று
எண்பத்தெட்டுக் குப்பிகள் உருக்குகிறோம்.
பாதிப் பேருக்குப் பின்னால் வந்தது,
பாதிப் பேருக்கு வரவில்லை.
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஒன்று அவருடையதாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
ஒருமுறைதான் உருக்கலாம். கைநடுக்கம் கூடாது.
எண்பத்தெட்டையும்
அவருடையது போலவே பிடித்தேன்,
மதியத்துக்குள் மணிக்கட்டு வலித்தது.

கேள்வியைக் கண்ணால் தட்டச்சு செய்தார்,
ஒவ்வொரு எழுத்தாக, வெகுநேரம்:
அன்றைக்கே அதில் தெரிந்திருக்குமா?
அன்று எதைத் தேடுவதென்றே
எங்களுக்குத் தெரியாது என்றேன்.
இன்று தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.
திரையில் மறுபடி எழுத்துகள் ஊர்ந்தன:
தெரிந்தாலும் சறுக்கியிருப்பேன்.
கொஞ்சம் கழித்து:
ஆனால் வெண்ணெயோடு.

நான்காவது வாரம் எடை பார்த்தோம்.
சக்கர நாற்காலியோடு தராசில் ஏற்றி
நாற்காலியைக் கழித்து
அறுநூறு கிராம் கூடுதல்.
நான் எழுதப்போனேன்.
இரு, என்றாள் இங்கெயெர்ட்.
அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு
சாவிக்கொத்தை எடுத்தாள்,
இன்னமும் அவர் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.
தபால் அலுவலகச் சாவி, படகுக் கொட்டகைச் சாவி, வீடு.
தராசு நூற்றிருபது இறங்கியது.
மீதியை எழுதிக்கொண்டேன்.
அவள் சாவியை
இருந்த பையிலேயே திரும்பப் போட்டாள்.